கை நீட்டினால் வரும் மான்

கேள்வி: ஜப்பானில் நாரா என்ற ஊருக்குக் குடும்பத்தோடு போயிருந்தோம். அங்கே பூங்காவில் மானுக்குக் கொடுப்பதற்கென்றே பிஸ்கட் விற்கிறார்கள், மான்களும் தலையைக் குனிந்து வணக்கம் வைத்து வாங்கித் தின்கின்றன. எங்கள் வளாகத்துக்குள் கிண்டிக் காட்டுப் புள்ளிமான்கள் வந்து போகும். என் மகள் அவற்றுக்கு மாரி பிஸ்கட் நீட்டினால் காவலாளி விரட்டுகிறார். அங்கே சரி, இங்கே தப்பா?
- வாசகி ஒருவர், சென்னை

பதில்: காவலாளி செய்ததுதான் சரி, அடுத்த முறை பார்த்தால் அவருக்கு ஒரு நன்றி சொல்லுங்கள்.

நாராவில் நீங்கள் வாங்கியது நம் கடை பிஸ்கட் இல்லை. அரிசித் தவிடும் கோதுமை மாவும் மட்டும் சேர்த்துச் சுட்ட வில்லை அது, சர்க்கரை கிடையாது, கட்டிக் கொடுக்கும் காகிதம்கூட மான் தின்றாலும் ஒன்றும் ஆகாத காகிதம். இவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்யும் ஊரிலேயே 2019-இல் சில மாதங்களுக்குள் இறந்த 14 மான்களில் 9 மான்களின் வயிற்றில் பிளாஸ்டிக் இருந்தது, ஒரு மானுக்குள் மட்டும் 4 கிலோவுக்கும் மேல். மனிதன் கையில் இருப்பதெல்லாம் தீனி என்று பழகிய மானுக்குத் தவிட்டு வில்லையும் ஒன்றுதான், சிப்ஸ் வாசம் ஒட்டிய கவரும் ஒன்றுதான். அந்த வணக்கமும் நாம் நினைக்கிற வணக்கம் இல்லை. பிஸ்கட்டைக் காட்டிவிட்டுக் கொடுக்காமல் கையை உயர்த்திப் பாருங்கள், குனிந்த அதே தலை முட்ட வரும். அங்கே ஒவ்வொரு வருடமும் கடி வாங்குகிறவர்களும் முட்டுப்படுகிறவர்களும் இருக்கத்தான் செய்கிறார்கள்.

இப்போது மாரி பிஸ்கட்டுக்கு வருவோம். மாட்டுப் பொங்கல் முடிந்த மறுநாள் கால்நடை மருத்துவமனை வாசலில் நின்றவர்களுக்கு இது தெரியும். ஆசையாகப் பொங்கலும் சோறும் அள்ளி அள்ளிக் கொடுத்திருப்பார்கள், மாடு இடது விலாப்பக்கம் உப்பி, அசை போடாமல், தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்கும். மானும் அசை போடுகிற பிராணிதான். அதன் வயிற்றின் முதல் அறையில் இருக்கும் நுண்ணுயிர்கள் புல்லையும் இலையையும் மெதுவாக நொதிக்க வைக்கப் பழகியவை, அங்கே திடீரென்று ரொட்டியோ சோறோ பிஸ்கட்டோ நிறைய இறங்கினால் மாவைத் தின்று பெருகும் வேறு கிருமிகள் மேலோங்கி, அமிலம் ஏறி, புல்லைச் செரிக்கும் கிருமிகள் செத்துப்போகின்றன. மாட்டுக்காவது சோடா உப்புக் கரைசலோடு ஓடி வர ஆள் இருக்கிறது. மான் புதருக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும், நாம் பார்க்கவே மாட்டோம்.

பிளாஸ்டிக் இதைவிடக் கொடுமை. நான் படிக்கிற காலத்தில் ஒரு தெருப் பசுவின் வயிற்றைத் திறந்தபோது உள்ளே இருந்ததை இன்னும் மறக்க முடியவில்லை: பால் கவரும் கேரி பேக்கும் கயிறு மாதிரி முறுக்கி, உருண்டு, ஒரு தலையணை அளவுக்குக் கெட்டியாகக் கிடந்தது. அது அசை போட மேலே வராது, கீழே குடலுக்கும் போகாது. வயிறு நிறைந்த மாதிரியே இருக்கும், உடம்பு பட்டினியில் தேயும். சென்னையில் செத்த புள்ளிமான்களின் வயிற்றிலிருந்தும் இதே பாலித்தீன் வந்திருக்கிறது.

"ஒரே ஒரு பிஸ்கட் தானே" என்று கேட்பீர்கள். சரி, ஒன்றே என்று வைத்துக்கொள்வோம். அயர்லாந்தில் டப்ளின் நகரத்து பீனிக்ஸ் பூங்காவில் சுமார் 600 மான்கள் இருக்கின்றன, 17-ஆம் நூற்றாண்டிலிருந்து அங்கே மான் உண்டு. காதில் மாட்டிய அடையாள அட்டையைப் பார்த்து எந்த மான் மனிதர்களிடம் கையேந்துகிறது என்று குறித்து வைத்த ஆய்வாளர்கள் 2022-இல் அதை வெளியிட்டார்கள். ஏறக்குறைய கால் பங்கு மான்கள்தான் தொடர்ந்து நெருங்கி வந்து வாங்கித் தின்கின்றன, அந்தத் தாய்களுக்குப் பிறக்கும் குட்டிகள் மற்றக் குட்டிகளைவிட எடை கூடுதல். கேட்க நல்ல சேதி மாதிரி இருக்கும். ஆனால் யோசித்துப் பாருங்கள், கூச்சப்பட்டு ஒதுங்கி நிற்கும் மானுக்கு நம் கையிலிருந்து எதுவுமே போவதில்லை, துணிந்து வருவதற்குத்தான் போகிறது. பயம்தான் மானைக் காப்பாற்றும் ஒரே ஆயுதம், நாம் பயமில்லாததாகப் பார்த்து வளர்த்துக்கொண்டிருக்கிறோம். கிண்டிக் காடு 3 சதுர கிலோமீட்டர்கூட இல்லை, சுற்றிலும் சாலை, உள்ளேயே தெருநாய்கள். மகளிடம் அன்பாக வந்த மான் நாளை காரிடமும் ஓடாமல்தான் நிற்கும்.

மகளுக்கு வேறு ஒன்றைக் காட்டுங்கள். ஆலமரத்தடியில் உதிர்ந்த பழத்தைப் பொறுக்கித் தின்னும் மானைத் தூரத்தில் நின்று பார்க்கச் சொல்லுங்கள். அது வாலைத் தூக்கி முன்னங்காலால் தரையைத் தட்டினால், நாம் கிட்டே வந்துவிட்டோம் என்று பொருள், இரண்டு எட்டுப் பின்னால் வரவேண்டும். பிள்ளைகள் இதை நம்மைவிடச் சீக்கிரம் பிடித்துக்கொள்வார்கள்.

கேள்வி: காய்கறித் தோல் இயற்கைதானே, அதையாவது போடலாமா?
- ஒரு வாசகர், தாம்பரம்

பதில்: வேண்டாம். தோல் கெடுதல் இல்லையென்றாலும் ஒரே இடத்தில் தினமும் கொட்டினால் பத்து மான்கள் ஒன்றின் எச்சிலில் இன்னொன்று வாய் வைக்கும், நோய் பரவ அதுவே போதும். அமெரிக்காவில் பல மாநிலங்கள் மானுக்குத் தீனி வைப்பதையே தடை செய்ததற்கு இது முக்கியக் காரணம். அப்புறம், கொட்டுகிற இடத்துக்கு நாயும் வரும். கோடையில் தண்ணீர் இல்லையே என்று மனம் கேட்காவிட்டால் வனத்துறையிடம் சொல்லுங்கள், தொட்டி வைப்பதும் கழுவுவதும் அவர்கள் பொறுப்பிலேயே இருக்கட்டும்.

கேள்வி: திருக்கோணமலையில் கோணேசர் கோயிலுக்குப் போகும் வழியெல்லாம் மான் நிற்கும். கோயிலுக்குப் போகும்போது வாழைப்பழம் கொடுப்பது எங்கள் வீட்டில் வழக்கம். அதை விட வேண்டுமா?
- ஒரு வாசகி, திருக்கோணமலை

பதில்: கஷ்டமாக இருக்கும், தெரியும் அம்மா, பக்தியோடு செய்வதை நிறுத்தச் சொல்ல எனக்கும் மனம் வரவில்லை. ஆனாலும் விட்டுவிடுங்கள். உங்கள் ஊர் மான்கள் காட்டை விட்டுக் கடைத்தெருவிலும் கடற்கரையிலும் குப்பையைக் கிளறுவதை நீங்களே பார்த்திருப்பீர்கள், பழம் சுற்றி வந்த பை எங்கே போகிறது என்பதையும். அந்தப் பழத்தைக் கோயிலில் வரும் பிள்ளைகளுக்குக் கொடுங்கள். திரும்பும் வழியில் உப்பும் எண்ணெயும் பட்ட சோற்றுப் பார்சல் தாள் ஏதாவது கிடந்தால் எடுத்து மூடியுள்ள தொட்டியில் போட்டுவிடுங்கள், உப்பு ருசிக்காக மான் முதலில் நக்குவது அதைத்தான்.