வைஸ் ஆடுவதற்குக் காரணம் பலகையின் கனம்

வணக்கம். காரைக்குடி வீட்டில் முக்கால் அங்குல பிளைவுட் மேசையில் 7 அங்குல வைஸை (மரத்தை இறுக்கிப் பிடிக்கும் கருவி) ஸ்க்ரூ போட்டு மாட்டியும், இழைக்கும்போது ஆடுகிறது என்று எழுதியிருந்தீர்கள். வைஸை மாற்ற வேண்டாம். அந்தக் கனத்தில் ஸ்க்ரூ நிற்காது. அடியில் 2 அங்குலக் கட்டை கொடுத்து, மேலிருந்து போல்ட் இறக்கி, வாஷர் வைத்து நட்டு முடுக்குங்கள். போல்ட் தலை பலகைக்குள் புதைந்திருக்கட்டும். வலதுகைப் பழக்கம் என்றால் முன்பக்க இடது மூலையில், மேசைக் காலை ஒட்டி மாட்டுங்கள்.

அப்புறம், வைஸின் உள்தாடைதான் (மேசையை ஒட்டி இருக்கும் தாடை) முக்கியம். அதன் இரும்பு, மேசை மட்டத்துக்கு அரை அங்குலம் கீழே இருக்கட்டும். அதன் முகத்தில் பொருத்தும் மரச் சட்டம் மேசையின் மேல்மட்டத்தோடும் விளிம்போடும் ஒரே நேராக வரவேண்டும். அப்போதுதான் நீளப் பலகை விளிம்பில் அணைந்து நிற்கும்.

அந்தச் சட்டத்துக்கு முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் கடைகளில் பர்மா தேக்குத் துண்டு கேட்டுப் பாருங்கள். பிரித்த வீட்டு மரம், உள்ளே ஆணி ஒளிந்திருக்கும். நான் பார்க்காமல் இழைத்து, இழைப்புளித் தகட்டில் நெல் அளவுக்குப் பல் விழுந்தது. முதலில் காந்தத்தால் தடவிவிடுங்கள்.