சட்டம் இருக்கும்போது குழந்தைகள் பாதுகாப்புக்குப் பல துறைகள் ஏன் சேர்ந்து இயங்க வேண்டும்?

போலீஸ் மட்டும் போதாதா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. குழந்தையின் காயத்தை டாக்டர் பார்ப்பார், பள்ளிக்கு வராததை ஆசிரியர் கவனிப்பார், பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்த புகார் காவல் நிலையத்தில் கிடக்கும். தனித்தனியாகப் பார்த்தால் எதுவும் பெரிதாகத் தெரியாது. சேர்த்துப் பார்த்தால்தான் குழந்தை கொடுமைக்கு ஆளாவது புரியும்.

லண்டனில் 2000-ல் விக்டோரியா கிளிம்பியே என்ற எட்டு வயதுச் சிறுமி, வளர்த்தவர்களின் சித்திரவதையால் இறந்தாள். மருத்துவமனை, போலீஸ், சமூகநலத் துறை எல்லோருக்கும் அவளைத் தெரிந்திருந்தது. காப்பாற்றக் குறைந்தது 12 வாய்ப்புகள் இருந்தன என்றது 2003-ல் வந்த லேமிங் விசாரணை அறிக்கை. படிக்கவே மனம் பதறுகிறது. அடுத்த ஆண்டே இங்கிலாந்தில் துறைகளின் ஒத்துழைப்பைக் கடமையாக்கும் சட்டம் வந்தது.

அப்புறம், விசாரணை. பாதிக்கப்பட்ட குழந்தையை, நடந்ததை ஒவ்வொரு அதிகாரியிடமும் திரும்பத் திரும்பச் சொல்லவைப்பதும் கொடுமைதான். ஐஸ்லாந்து 1998-ல் 'பார்னாஹூஸ்' என்ற மையத்தைத் தொடங்கியது. பயிற்சி பெற்ற ஒருவர் மட்டும் குழந்தையோடு பேசுவார். போலீசாரும் வழக்கறிஞர்களும் குழந்தைநல அதிகாரிகளும் வேறு அறையிலிருந்து பார்ப்பார்கள். பேச்சு பதிவாகும். மருத்துவப் பரிசோதனையும் மனநல சிகிச்சையும் அங்கேயே கிடைக்கும்.

ஒருங்கிணைப்புக் குழு அமைத்தால் மட்டும் இது நடந்துவிடாது. ஒவ்வொரு குழந்தையின் கோப்புக்கும் பொறுப்பான ஒரே அதிகாரியும், தகவலைத் தயங்காமல் பகிரத் தெளிவான விதியும் வேண்டும்.