முதுகெலும்பிகளின் தசைகள் எல்லாமே மீசோடெர்மிலிருந்துதான் வருகின்றன என்று எழுதலாமா?

மீசோடெர்ம் என்பது கருவின் மூன்று செல் அடுக்குகளில் நடுவில் இருப்பது. தேர்வுக்குக் கேட்கிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். அப்படியென்றால் தாராளமாக எழுதுங்கள், மார்க் விழும். விஷயம் தெரிய வேண்டும் என்றால் ‘பெரும்பாலும்’ என்று சேர்த்துக்கொள்ளுங்கள்.

அந்த ஒரு சொல்லுக்காக நான் பள்ளிக்கூடம் வரை போயிருக்கிறேன். டியூஷனில் விலங்கியல் எடுக்கிறேன். என்னிடம் படித்த பெண் அரையாண்டுத் தேர்வில், கண்பாவையைச் சுருக்கி விரிக்கும் தசைகள் கருவின் வெளி அடுக்கான எக்டோடெர்மிலிருந்து வருகின்றன என்று எழுதினாள். தப்பு என்று சுழித்துவிட்டார்கள். போய்க் கேட்டால், திருத்திய டீச்சர், “விடைக்குறிப்பில் இல்லையே சார், நான் எப்படி மார்க் போட?” என்றார். அவரைச் சொல்லியும் குற்றமில்லை. ஆனால் அவள் எழுதியது சரி. கருவில் கண், எக்டோடெர்மிலிருந்து உருவாகும் மூளையிலிருந்து புடைத்து வரும் கிண்ணமாகத்தான் தொடங்குகிறது. அதன் விளிம்புச் செல்களே அந்த இரண்டு மென்தசைகளாகின்றன.

மற்றவை பெரும்பாலும் மீசோடெர்ம்தான், ஆனால் இடம் வேறு வேறு. இதயத்தசையும், உணவைத் தள்ளும் குடலின் மென்தசையும் பக்கவாட்டு மீசோடெர்மிலிருந்து வருபவை. கோழிக்கருவில், அடைவைத்த இரண்டாம் நாளே, நரம்பு வந்து சேரும் முன்பே இதயம் துடிக்க ஆரம்பித்துவிடும். நாம் நினைத்தபடி அசைக்கும் எலும்புத்தசைகள், குளிரில் நடுங்கி உடம்பைச் சூடாக்குபவையும் இவைதான், முதுகுத்தண்டின் இருபுறமும் கட்டிகட்டியாகத் தோன்றும் சோமைட்டுகளிலிருந்து வருகின்றன.

கைகால் தசைகூட அங்கிருந்து நகர்ந்து போனதுதான். பிரான்சின் கருவியலாளர் நிக்கோல் லெ துவாரன் கொண்டுவந்த காடை–கோழி ஒட்டு முறையில் 1970களில் இது தெளிவானது. காடைச் செல்லின் உட்கரு நுண்ணோக்கியில் தனியாக அடையாளம் தெரியும். காடையின் சோமைட்டைக் கோழிக்கருவில் வைத்தால், வளர்ந்த இறக்கையில் தசை காடையுடையது, எலும்பும் தசைநாணும் கோழியுடையவை! உதரவிதானத் தசையும் கழுத்துச் சோமைட்டுகளிலிருந்து இறங்கி வந்ததுதான். அதனால்தான் அதற்கான நரம்பு கழுத்தின் 3, 4, 5ஆம் தண்டுவட நரம்புகளிலிருந்து புறப்பட்டு நெஞ்சு முழுக்கக் கடந்து வருகிறது.

தாடைத்தசையும் கண்ணை உருட்டும் தசையும் சோமைட்டில் வராதே என்று கமெண்டுக்கு வருபவர்களுக்கு: தெரியும், அவை தலைப்பகுதி மீசோடெர்ம். பெருந்தமனி வளைவின் மென்தசை, எக்டோடெர்மைச் சேர்ந்த நரம்பு முகட்டுச் செல்கள் தருவது என்பதும் தெரியும். பதில் நீளுமே என்று விட்டேன்.

எலும்புத்தசை, இதயத்தசை, மென்தசை என்ற மூன்று வகையையும் பிள்ளைகளுக்குக் காட்ட, கறிக்கடையில் கோழியின் தொடைக்கறி, இதயம், அரைவைப்பை வாங்கி வருவேன். அதற்கும் ஒரு வீட்டிலிருந்து புகார், டியூஷனில் கவிச்சி வாடையாம். லேப் ஃபீஸ் வாங்குகிற பள்ளியில் நுண்ணோக்கி பீரோவுக்குள் பூட்டிக் கிடக்கிறது, இன்ஸ்பெக்‌ஷன் அன்றைக்குத்தான் வெளியே வரும். அதைப் போய் யாரும் கேட்பதில்லை.