யாருக்கு நட்டம்?

அன்புள்ள அண்ணா,

கிளிநொச்சியில் எங்கள் கமக்காரர் அமைப்பின் கூட்டம் நடந்தது. நெற்பயிரைத் தாக்கும் பூச்சி பற்றிப் பேச்சு வந்தது. புதிதாக வந்த விவசாயப் போதனாசிரியர், "கபிலநிறத் தத்திக்கு உடனே மருந்து அடிக்காதீர்கள், தண்ணீரை வடியவிட்டுப் பாருங்கள், அநேகமாகக் குறையும்" என்றார். ஒருவரும் அசையவில்லை. மருந்துக் கடைக்காரர் எழுந்து "மூன்றே நாளில் ஒன்றும் இருக்காது" என்றதும் எல்லோரும் தலையாட்டினார்கள். படித்தவரை விட்டு விற்பவரை நம்பும் சனத்தை என்ன செய்வது?

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

சனத்தைத் திட்டாதீர்கள். போதனாசிரியர் சொன்னது சரிதான். கண்டபடி மருந்து அடித்தால் தத்தியைத் தின்னும் சிலந்தியும் சாகும்; தத்தி முன்னைவிட மோசமாகத் திரும்பும். ஆனால் அவர் "அநேகமாக" என்றார். நேர்மையான சொல், கூட்டத்தில் எடுபடாத சொல்.

1951இல் அமெரிக்காவில் ஹொவ்லண்ட், வைஸ் என்ற இருவர் மாணவர்களுக்கு ஒரே கட்டுரையைக் கொடுத்தார்கள். அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பல் பற்றியது. சிலரிடம் அது விஞ்ஞானி ஒப்பன்ஹைமர் எழுதியது என்றார்கள், மற்றவர்களிடம் சோவியத் பத்திரிகை பிராவ்தாவில் வந்தது என்றார்கள். ஒப்பன்ஹைமர் பெயரோடு படித்தவர்களே அதிகம் மனம் மாறினார்கள். நான்கு வாரம் கழித்துக் கேட்டபோது அந்த வித்தியாசம் இல்லை: கருத்து தங்கியிருந்தது, யார் சொன்னார் என்பது கழன்றுவிட்டது. ஆகவே போதனாசிரியரின் பேச்சும் ஒருநாள் முளைக்கலாம். தத்தி அதுவரை காத்திருக்காது, அதுதான் சிக்கல்.

தன் இலாபத்துக்கு எதிராகப் பேசுபவரைத்தான் மனிதர்கள் எளிதில் நம்புவார்கள் என்று பிந்திய ஆய்வுகள் சொல்கின்றன. அப்படியென்றால் விற்பவரை எப்படி நம்பினார்கள்? அந்தக் கடைக்காரர் மருந்தைக் கடனுக்குக் கொடுப்பவரா என்று விசாரியுங்கள். அறுவடை முடிந்துதான் காசு என்றால், பயிர் கருகினால் அவர் காசும் கருகும். போதனாசிரியருக்கோ இடமாற்றம் வரும். 2009க்குப் பிறகு வன்னிக்கு ஜீப்பில் வந்து, கூட்டம் வைத்து, படம் எடுத்துக்கொண்டு போனவர்களை நம் சனம் நிறையப் பார்த்துவிட்டது.

ஒட்டுசுட்டானில் எங்கள் வயலுக்கு ஒருமுறை ஓர் உத்தியோகத்தர் வந்தார். வரம்பில் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டுச் சேற்றில் இறங்கினார். ஒரு நெற்தூரைச் சரித்து, அடியில் தன் கொப்பியைப் பிடித்து, உள்ளங்கையால் தட்டினார். வெள்ளைத் தாளில் தத்திகள் விழுந்தன, கூடவே சிலந்திகளும். இரண்டையும் தனித்தனியாக எண்ணி அப்பாவிடம் காட்டினார். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் மூடி திறக்காத மருந்துப் போத்தலைக் கடைக்குக் கொண்டுபோனார். கடைக்காரர் முகத்தைப் பார்க்காமலே கணக்குக் கொப்பியில் ஒரு வரியை வெட்டினாராம்.