தருமபுரியில் இருந்துகொண்டு வீட்டில் விஸ்கி காக்டெயில் செய்ய முடியுமா?

கேட்டவர் சொல்வது இது: "பெங்களூரில் ஒரு பாரில் விஸ்கி சவர் (விஸ்கியும் எலுமிச்சையும் இனிப்பும் குலுக்கியது) குடித்தேன், பிடித்திருந்தது. ஊருக்கு வந்தால் குலுக்குகிற ஷேக்கரும் இல்லை, சில துளி விடுகிற கசப்பு மூலிகைச் சாறான பிட்டர்ஸும் இல்லை. இங்கே செய்ய வழி உண்டா?"

உண்டு. நான் நாலைந்து வருடமாக தருமபுரியில் என் வீட்டுச் சமையலறையில்தான் செய்கிறேன். மாதத்தில் ஒன்றிரண்டு சனிக்கிழமை, ஆளுக்கு அதிகபட்சம் இரண்டு கிளாஸ். ஒரு காக்டெயிலுக்கு 60 மில்லி விஸ்கி என்பதால் ஒரு குவார்ட்டரில் சரியாக மூன்று வரும்.

முதலில் தண்ணீரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். யாரும் கவனிக்காதது அதுதான். 1806-இல் நியூயார்க் மாநிலத்தின் ஹட்சன் என்ற ஊர்ப் பத்திரிகை ஒன்று, காக்டெயில் என்றால் என்ன என்று எழுதியபோது மது, சர்க்கரை, தண்ணீர், பிட்டர்ஸ் என்று நான்கைச் சொன்னது. தண்ணீரும் ஒரு சேர்மானம். ஐஸ் கட்டி குளிர வைக்க மட்டும் இல்லை, கரைந்து சேர்வதும் அதன் வேலைதான். நம் மாவட்டத்து போர் தண்ணீரில் ஃப்ளோரைடும் உப்பும் அதிகம் என்பது உங்களுக்கே தெரியும். அதில் ஐஸ் போட்டால் கிளாஸ் முழுக்க உப்புக் கரிப்பு வரும். நான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீரைக் காய்ச்சி ஆற வைத்துத்தான் ட்ரேயில் ஊற்றுகிறேன். ஃப்ரீசரில் மீன், கறி இருந்தால் ட்ரேயை மூடி வையுங்கள், வாடை ஏறிவிடும்.

அடுத்தது இனிப்பு. இதில் நாம் கொடுத்துவைத்தவர்கள். கடகத்தூர் வெல்லம் பக்கத்திலேயே கிடைக்கிறது. பளிச்சென்று மஞ்சளாக இருக்கும் உருண்டையை வாங்காதீர்கள், நிறத்துக்காக ஹைட்ரோஸ் என்ற வெளுப்பு ரசாயனம் போட்டிருப்பார்கள். கருத்த வெல்லமாகப் பார்த்து வாங்கி, 100 கிராமுக்கு 100 மில்லி தண்ணீர் விட்டுக் கரையும் வரை மட்டும் சூடாக்கி, துணியில் வடிகட்டுங்கள். மண் இருக்கும். ஃப்ரிட்ஜில் ஒரு வாரம் தாங்கும். இந்திய விஸ்கிகளில் பல, கரும்புச் சர்க்கரை ஆலையின் மொலாசஸ் என்ற கழிவுப்பாகிலிருந்து எடுத்த சாராயமும், முளைகட்டிய பார்லியில் எடுத்த மால்ட் விஸ்கி கொஞ்சமும் சேர்ந்தவை. அதனால்தானோ என்னவோ, வெள்ளைச் சர்க்கரைப் பாகைவிட வெல்லப்பாகு அதோடு நன்றாக ஒட்டுகிறது.

இப்போது சவர். விஸ்கி 60 மில்லி, எலுமிச்சைச் சாறு 25, வெல்லப்பாகு 20. பழக் கணக்கு வேண்டாம், ஒரு பழம் போல இன்னொன்று இருக்காது. இருமல் மருந்தோடு வரும் அளவு மூடியை நன்றாகக் கழுவி வைத்துக்கொள்ளுங்கள், அது போதும். ஷேக்கருக்குப் பதில் மூடி இறுக்கமாக இருக்கும் எவர்சில்வர் டப்பா. ஐஸை நிறையப் போட்டு, மூடியைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு பதினைந்து விநாடி ஓங்கிக் குலுக்கி, டீ வடிகட்டியில் வடித்தால் முடிந்தது. பாரில் மேலே நுரை பார்த்திருப்பீர்கள், அது முட்டை வெள்ளைக்கரு. முதலில் ஐஸ் இல்லாமல் குலுக்கி, பிறகு ஐஸோடு குலுக்க வேண்டும். பச்சை முட்டை என்பதால் நான் வீட்டில் சேர்ப்பதில்லை.

ஓல்டு ஃபேஷண்ட் என்ற இன்னொரு விஸ்கி காக்டெயில் இதைவிட எளிது. 60 மில்லி விஸ்கி, ஒரு டீஸ்பூன் வெல்லப்பாகு, பெரிய ஐஸ் கட்டி, அரை நிமிடம் மெதுவாகக் கலக்கல். பிட்டர்ஸ் இல்லாத குறைக்கு, பாகு காய்ச்சும்போதே இரண்டு கிராம்பும் ஒரு துண்டு பட்டையும் போட்டு விடுகிறேன். பிட்டர்ஸின் கசப்பு இதில் வராது, ஆனால் வாசனை வரும். கடைசியில் ஆரஞ்சுத் தோலைக் கிளாஸுக்கு மேல் மடித்துப் பிழியுங்கள். அந்த எண்ணெய்த் துளிதான் மூக்கில் முதலில் ஏறும்.

ஒரு எச்சரிக்கை. இனிப்பும் புளிப்பும் காரத்தை மறைத்துவிடும், சரக்கின் அளவு குறையாது. நம் ஊர் விஸ்கியில் 42.8 சதவீதம் ஆல்கஹால். 60 மில்லியில் 25 மில்லிக்கு மேல் தூய ஆல்கஹால் இருக்கிறது. குடித்த பிறகு வண்டிச் சாவியைத் தொடாதீர்கள். ஓசூர் தாண்டி கர்நாடகத்து அத்திப்பள்ளியில் விலை குறைவு என்று பாட்டில் கொண்டுவரும் யோசனையும் வேண்டாம், அது வழக்காகும்.

என் மாமா முப்பது வருடமாகத் தண்ணீர் ஊற்றி ஒரே மூச்சில் குடித்துவிட்டு, முகத்தைச் சுளித்து ஊறுகாயை நக்கியவர். போன பொங்கலுக்கு இந்தச் சவரைக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்தவர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "இதுல விஸ்கி வாசம் இப்பதாண்டா தெரியுது" என்றார். ஒரு கிளாஸை முக்கால் மணி நேரம் வைத்திருந்தார். அன்று அவர் இரண்டாவது கேட்கவில்லை.

மாங்காய்க் காலத்தில் கிருஷ்ணகிரிப் பக்கத்து பெங்களூரா காயை அரைத்துப் பிழிந்து, எலுமிச்சைக்குப் பதில் சேர்த்துப் பாருங்கள். புளிப்பு குறைவு என்பதால் சாறு 40 மில்லி வேண்டும், பாகு 10 போதும். ஒரு சிட்டிகை உப்பும் போடுங்கள்.