மலை நடைக்கு ஆல்கஹால் அடுப்பு போதுமா?

முதுகுப்பையின் எடையைக் குறைக்க கேஸ் அடுப்பை விட்டுவிட்டு ஆல்கஹால் அடுப்புக்கு மாறலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டு மூன்று நாள் நடை, தண்ணீர் கொதிக்க வைப்பது மட்டும்தான் வேலை என்றால் தாராளமாக மாறலாம். மெல்லிய அலுமினிய டப்பாவில் செய்த அடுப்பு 20 கிராம்கூட வராது. பழுதாவதற்கு அதில் எதுவுமே இல்லை.

இதில் எரிக்கும் ஆல்கஹால் எத்தனால். அரை லிட்டர் தண்ணீர் கொதிக்க அது சுமார் 20 மி.லி.யும் 8 நிமிடமும் ஆகும். காற்று அடித்தால் இந்தக் கணக்கும் அதோடு பறந்துவிடும். தகட்டுத் தடுப்பு கட்டாயம். குளிரிலும் சண்டித்தனம் செய்யும். எரிபொருள் பாட்டிலைக் கொஞ்ச நேரம் சட்டைக்குள் வைத்திருந்து ஊற்றினால் சட்டெனப் பற்றும்.

பெரிய ஆபத்து சுடர்தான். பகல் வெளிச்சத்தில் அது கண்ணுக்கே தெரியாது. அணைந்துவிட்டது என்று நினைத்து மறுபடி ஊற்றினால் தீ பாட்டிலுக்கே தாவும். நான் அடுப்புக்கு ஓர் அடி மேலே உள்ளங்கையை நீட்டிப் பார்ப்பேன். சூடு தெரிந்தால் காத்திருப்பேன். முழுக்க ஆறிய பிறகுதான் மறுபடி ஊற்றுவேன். கூடாரத்துக்குள் வேண்டவே வேண்டாம், கார்பன் மோனாக்சைடு சேரும்.

எத்தனாலுக்குப் பதில் வேறு ஆல்கஹால் ஊற்றலாமா என்றால், மெத்தனால் நச்சு. ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் பாத்திரத்தில் கரி அப்பும். அப்புறம், எடைக்கு எடை பார்த்தால் எத்தனால் தரும் வெப்பம் கேஸ் தருவதில் ஏறக்குறைய 60 சதவீதம்தான். நீண்ட பயணத்தில், அடுப்பில் மிச்சம் பிடித்த எடையை எரிபொருளாகச் சுமக்க வேண்டிவரும். தீ மூட்டத் தடை உள்ள காலங்களில் பல காடுகளில் இதற்கு அனுமதியும் கிடைக்காது; நினைத்த நொடியில் மூடிவிட இதில் வால்வு கிடையாதே!