மாமா அனுப்பிய வீடியோவும் அம்மாவின் ரிப்போர்ட்டும்

கேள்வி: அம்மாவுக்கு 58 வயது. மார்பகப் புற்றுநோய்க்குச் சத்திரசிகிச்சை முடிந்து தெல்லிப்பழையில் கீமோ ஏற்றுகிறோம். “கீமோ பழசு, இம்யூனோதெரபி கேள்” என்று கனடாவிலிருந்து மாமா வீடியோ அனுப்புகிறார். பக்கத்து வீட்டு அன்ரி முள்ளு அன்னமுன்னா இலைக் கசாயம் கொடுக்கச் சொல்கிறார். என்ன செய்வது? — வாசகி, கோண்டாவில்

பதில்: கிளினிக் கொப்பியோடு பொலித்தீன் பையில் நாலாய் மடித்து வைத்திருப்பீர்களே, அந்தத் திசுப் பரிசோதனை ரிப்போர்ட்டை எடுங்கள். அதில் ஈ.ஆர்., பி.ஆர்., ஹெர்-2 என்று மூன்று வரி இருக்கும். எந்த மருந்து அம்மாவுக்குப் பொருந்தும் என்பதைப் பெரும்பாலும் அந்த வரிகள்தான் சொல்லும்.

முதல் இரண்டில் ஒன்று பொசிட்டிவ் என்றால், கட்டி வளர ஹோர்மோன் உதவுகிறது. அதற்கு டமொக்சிபன், லெட்ரோசோல் போன்ற குளிசைகள், வழமையாக 5 வருடமாவது. சின்னக் குளிசைதானே என்று இடையில் விட்டுவிடக் கூடாது.

ஹெர்-2 என்பது கட்டியை வளரத் தூண்டும் ஒரு புரதம். அது 3+, அதாவது மிக அதிகம், என்றால் ட்ரஸ்டுசுமாப் ஊசி பலன் தரும். அமெரிக்காவில் 1998 இல் அங்கீகாரம் பெற்ற மருந்து இது. ஆனால் மார்பகப் புற்றுநோய் வந்தவர்களில் ஐந்தில் ஒருவருக்கு, அல்லது அதிலும் குறைவானவர்களுக்கே ஹெர்-2 மிகுந்திருக்கும். மற்றவர்களுக்கு ஏற்றினால் காசும் போகும், இதயமும் பலவீனப்படலாம். 2+ என்று எழுதியிருந்தால் அது முடிவல்ல, இன்னொரு பரிசோதனை வேண்டும். வெட்டியெடுத்த திசுவை ஆய்வுகூடத்தில் மெழுகில் பதித்து வைத்திருப்பார்கள், அதிலேயே செய்யலாம். தயங்காமல் கேளுங்கள்.

சரி, இம்யூனோதெரபி. நம் நோயெதிர்ப்புக் கலங்களுக்குப் புற்றுநோய் போட்டுவைக்கும் பிரேக்கை அது எடுத்துவிடுகிறது. இதற்கு வழிகாட்டிய ஜேம்ஸ் அலிசனுக்கும் தசுகு ஹொன்ஜோவுக்கும் 2018 இல் நோபல் பரிசு கிடைத்தது. மாமா சொல்வது ஏமாற்று மருந்தல்ல. ஆனால் மார்பகப் புற்றுநோயில் அது முக்கியமாக, மூன்று வரியும் நெகட்டிவ் ஆனவர்களில் சிலருக்குத்தான் உதவும். அவர்களுக்கும் பெரும்பாலும் கீமோவோடு சேர்த்தே கொடுக்கிறார்கள். மாமாவைக் கோபிக்க வேண்டாம், பாசத்தில்தான் அனுப்புகிறார். ரிப்போர்ட்டைப் படமெடுத்து அவருக்கு அனுப்பிவிடுங்கள்.

அன்னமுன்னாச் சாறு ஆய்வுகூடத் தட்டில் புற்றுநோய்க் கலங்களைக் கொன்றது உண்மை. கடும் உப்புத் தண்ணீரும் தட்டில் கொல்லும். மனிதரில் நோயை மாற்றியதற்கு ஆதாரம் இல்லை. கொடுக்க வேண்டாம். ஏற்கெனவே கொடுத்திருந்தால் டொக்டரிடம் சொல்லுங்கள். ஏச்சு விழும் என்று மறைப்பதுதான் ஆபத்து.

கடைசியாக ஒன்று: கீமோ ஏற்றும் காலத்தில் காய்ச்சல் ஆபத்தாகலாம். அடுத்த கிளினிக்குக்குள் காய்ச்சல் 100.4 பாகை பரனைட்டைத் தொட்டால், பனடோல் கொடுத்துப் பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். இரவென்றாலும்.